கானமயிலின் வழியில் மின்பாதை

ராஜஸ்தானின் பட்லா சோலார் பூங்காவின் திறன் 2,245 மெகாவாட். தார் பாலைவனத்தில் வெயிலுக்குக் குறைவில்லை. மின்சாரத்தைச் செலவழிக்கும் நகரங்கள்தான் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. பேனல்கள் தரும் நேர்மின்சாரம் இன்வெர்ட்டரில் மாறுமின்சாரமாகி, துணைமின் நிலையங்களில் 220, 400, 765 கிலோவோல்ட் என்று அழுத்தம் ஏறிய பிறகே நெடுந்தூரம் போக முடியும். அழுத்தம் கூடினால் மின்னோட்டம் குறையும், கம்பியில் வெப்பமாக வீணாவதும் குறையும்.

சிக்கல் காலக்கணக்கில் தொடங்குகிறது. சோலார் நிலையத்தை ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் நிறுவிவிடலாம். நில அளவை, டெண்டர், வனத்துறை அனுமதி, இழப்பீடு என்று நகரும் மின்பாதைக்கு அதைவிடக் கூடுதல் காலம் பிடிக்கிறது. பாதை வராவிட்டால், நிலையம் தயாராக இருந்தும் உற்பத்தியை நிறுத்திவைப்பதைத் தவிர வழியில்லை. பாதை வந்தாலும் அது நண்பகலில் நிரம்பி, இரவில் வெறுமையாகக் கிடக்கும். அதனால்தான் காற்றாலையையும் பேட்டரியையும் அதே பாதையில் இணைக்கத் திட்டமிடுகிறார்கள்.

எந்த நிலத்தின் வழியாகப் பாதை போகிறது என்பது இவற்றைவிடக் கடினமான கேள்வி. அரசு ஆவணங்களில் தரிசு என்று எழுதப்பட்ட இடங்களில் பல, உண்மையில் மேய்ச்சல் நிலங்கள். வேறு சில, தலைமுறைகளாக ஊரார் காத்துவரும் 'ஓரண்' எனும் கோயில்காடுகள். ஜெய்சல்மேரின் புல்வெளிகளில்தான் கானமயில் எனும் அரிய பறவையின் கடைசிப் பெரிய கூட்டம் வாழ்கிறது. நாடெங்கும் இயற்கையில் எஞ்சியிருப்பவை சுமார் 150 மட்டுமே. இதன் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறுகல். மின்கம்பியை அருகில் வந்தே காண்கிறது. 15 கிலோ வரை எடையுள்ள உடலைச் சட்டெனத் திருப்ப முடிவதில்லை. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவைக்கு ஒவ்வொரு மோதலும் ஈடுசெய்ய முடியாத இழப்பு.

கானமயிலைக் காக்க இயற்கை ஆர்வலர் எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில், சாத்தியமான இடங்களில் கம்பிகளைப் புதைவடமாக்க 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு தொட்ட பரப்பு சுமார் 99,000 சதுர கிலோமீட்டர். செலவு பல மடங்கு என்பது ஒருபுறம் இருக்க, இயற்பியலும் குறுக்கே நிற்கிறது. உயர் அழுத்த மாறுமின்சாரக் கேபிள் மண்ணுக்குள் மின்தேக்கி போல நடந்துகொள்ளும். நீளம் கூடக்கூட, அதன் திறனில் பெரும்பங்கு தனக்கே மின்னூட்டம் ஏற்றுவதில் கரைந்துவிடும். 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழு ஒன்றை அமைத்தது.

பறவையையும் சோலாரையும் எதிரெதிராக நிறுத்தியது இயற்கை அல்ல, திட்டமிட்ட வரிசைதான். முதலில் நிலையத்துக்கு இடம் கொடுத்துவிட்டு, பிறகு பாதைக்கு வழி தேடினோம். வாழிடங்களை விலக்கி வழித்தடத்தை முதலில் வரைந்து, அதன் ஓரத்தில் மட்டுமே இனி நிலையங்களுக்கு நிலம் ஒதுக்க வேண்டும். இதை மத்திய மின் அமைச்சகமும் ராஜஸ்தான் அரசும் விதியாகவே எழுதிவைக்க வேண்டும்.