மஞ்சளித்த கண்ணும் மறைந்திருக்கும் காரணமும்

பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு முதலிய ஊர்களிலும், தெற்கே மூணாறு, மறையூர், பீர்மேடு, உடும்பன்சோலைத் தோட்டங்களில் லயங்கள் எனப்படும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் வாழும் நம் ஜனங்கள், ஒருவருடைய கண் மஞ்சளித்துவிட்டால் முதலில் நினைப்பது கீழாநெல்லியைத்தான். தலைமுறை தலைமுறையாக வந்த அந்த நம்பிக்கையைப் பழிப்பது என் நோக்கமன்று. காமாலை என்பது பல வியாதிகளுக்குப் பொதுவான ஓர் அடையாளமாதலால், காரணத்தை அறியாமல் உண்ணும் மருந்து பொன்னான காலத்தை வீணாக்கிவிடக்கூடும் என்பதையே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

வலப்பக்க விலாவின் அடியில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுடன் அமைந்திருக்கும் கல்லீரல், உணவின் சத்தைப் பக்குவப்படுத்தி, நஞ்சை முறித்து, பித்தநீரைச் சுரந்து, ரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களையும் ஆக்கித் தருகிறது. தன்னில் ஒரு பகுதி கெட்டாலும் எஞ்சியதைக் கொண்டே அது வேலையை நடத்திவிடுவதால், ஆரம்பத்தில் தோன்றும் களைப்பையும் பசிக்குறைவையும் குமட்டலையும், நாளெல்லாம் கொழுந்து பறித்தவர் வேலையின் அலுப்பென்றே எண்ணிவிடுகிறார். ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் இருக்கவேண்டிய பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறமி 3 மில்லிகிராமை நெருங்கும்போதுதான் கண்ணில் மஞ்சள் தென்படுகிறது. சிறுநீர் கறுத்துப் போவதும், உடல் அரிப்பதும், கால் வீங்குவதும், மகோதரம் என்று முன்னோர் அழைத்த வயிற்று நீர்க்கட்டும் அலட்சியம் செய்யத்தகாதவை. ரத்த வாந்தி, கரிய மலம், புத்தித் தடுமாற்றம் ஆகியவை கண்டால் ஒரு நாழிகையும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

காரணங்களோ பல. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுவன ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள். 2024-இல் இடுக்கியை அடுத்த எர்ணாகுளம் மாவட்டத்து வேங்ஙூரில் நூற்றுக்கணக்கானோரைப் படுக்கையில் வீழ்த்தியது ஏ வகையே. பி, சி வகைகள் ரத்தத்தின் வழியாகவும், பி வகை பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றிப் பல்லாண்டு ஒளிந்திருப்பவை. கேரளத்தின் பல மாவட்டங்களுக்கும் கள் அனுப்பும் சித்தூரைச் சூழ்ந்த நாட்டில் மதுவின் தீங்கை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1996 ஏப்ரலில் கேரளத்தில் சாராயம் தடைசெய்யப்பட்டபோதிலும், கள்ளாயினும் பிராந்தியாயினும் அதிலுள்ள ஆல்கஹால் கல்லீரலுக்குப் பகையே. மதுவைத் தொடாதவரையும் நீரிழிவும் உடற்பருமனும் கொழுப்புக் கல்லீரலாக வந்து பற்றுகின்றன. காசநோய் மருந்துகளும், அளவு மீறிய பாரசிட்டமாலும், பெயர் தெரியாத வேர்ப்பொடிகளும்கூடச் சிலருக்குக் கேடு செய்வதுண்டு.

கீழாநெல்லியை விஞ்ஞானம் புறக்கணித்துவிடவில்லை. சென்னையில் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த புளூம்பர்க்குடன் சேர்ந்து 1988-இல் வெளியிட்ட ஆய்வில், அம்மூலிகையை உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்திலிருந்து அவ்வைரஸின் அடையாளம் மறைந்ததாகக் கூறினர். ஆனால் பிற்பாடு வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் அப்பலனை உறுதிப்படுத்தவில்லை. மேலும், பித்தநாளத்தைக் கல் அடைத்ததால் வந்த காமாலைக்கு எந்த மூலிகை வழி திறக்கும்?

ஆகவே பரிசோதனையே முதற்படி. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவுகள் கல்லீரல் அணுக்களின் சேதத்தையும், அல்புமினும் புரோத்ராம்பின் நேரமும் அதன் செயல்திறனையும் காட்டும். தனிச் சோதனைகள் பி, சி வைரஸ்களையும், ஸ்கேன் கொழுப்பையும் கல்லையும் நீரையும், ஃபைப்ரோஸ்கேன் தழும்பேறிய இறுக்கத்தையும் புலப்படுத்தும். முற்றிய நோயிலும் முதலிரண்டு அளவுகள் இயல்பாக இருக்கலாமாதலால், ஒரே சோதனையை நம்பி ஆறுதல் கொள்ளலாகாது. 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் பி, சி வகைகளுக்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மையங்களில் இலவசம். சி வகை பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரைகளால் குணமாகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் இடும் தடுப்பூசி குழந்தையைப் பி வகையிலிருந்து காக்கிறது.

இத்தனை வசதியும், விடியுமுன் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்கு வரும் தொழிலாளிக்கு ஒருநாள் கூலியை இழந்தால்தான் எட்டுமென்றால், அவர் பச்சிலையை நாடுவதில் வியப்பென்ன? தோட்ட நிர்வாகங்களும் கேரள, தமிழகச் சுகாதாரத் துறைகளும் கலந்து, விடுமுறை நாள்களில் லயங்களுக்கே வந்து ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்வது அவசியம். தேனியிலோ கோவையிலோ கோட்டயத்திலோ எங்கே வைத்தியம் பார்த்தாலும், அறிக்கைகளை ஒன்றாகச் சேர்த்துவைத்து, உண்ட பச்சிலையையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது நோயாளியின் கடமை. அப்படிச் சொல்பவரைக் கடிந்துகொள்ளாமல் கேட்பது மருத்துவரின் கடமை.