பனிக்காலத்தில் கீரை பறிக்கிறீர்களா?

சமவெளியில் இருக்கும் சகோதரிகளுக்குக் கீரை என்றால் வேரோடு பிடுங்கிக் கட்டாகக் கட்டுவதுதான். மறுபடி விதைத்தால் 25 நாளில் தயார். எங்க ஊட்டிப் பக்கம் அது நடக்காது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை உறைபனி. விதை முளைக்கவே நாளாகும். இருக்கிற செடியும் சோம்பிச் சோம்பித்தான் வளரும். கார்த்திகையில் இருக்கிற பாத்தியை வைத்துத்தான் மாசி வரை ஓட்டணும். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த அம்மா ஒரே நாளில் பாத்தியை மொட்டையடித்து விருந்து வைத்தார். பொங்கலுக்குக் கீரையைக் கடையில்தான் வாங்கினார், பாவம்!

முக்கியமானது நேரம். சமையலுக்கு அவசரம் என்று காலை 7 மணிக்கே தோட்டத்துக்குப் போகாதீர்கள். உப்பைத் தூவின மாதிரி இலை வெளுத்திருக்கும்போது உள்ளே இருக்கும் நீரும் உறைந்திருக்கலாம். அப்போது தொட்டால் இலை நொறுங்கும். வெயில் வந்ததும் கை பட்ட இடம் வெந்த கீரை போலக் குழைந்து கறுத்துவிடும். "செடி முழிச்ச பிறகு போம்மா" என்பார் எங்க மாமியார். 10 மணி வெயிலில் பனி இறங்கி, இலை நிமிர்ந்து, ஈரமும் காய்ந்த பிறகு போனால் போதும்.

பாலக்கில் வெளிச்சுற்று இலைகளை மட்டும் அடிக்காம்போடு எடுங்கள். நடுக்குருத்தில் கை வைக்கவே கூடாது. ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பிடித்து இழுக்காமல் சின்னக் கத்தியால் அறுங்கள். பனியில் மண் பொருமி வேர்ப்பிடிப்பு தளர்ந்திருக்கும். வெந்தயக்கீரையை அடியில் இரண்டு மூன்று இலை விட்டு நுனி கிள்ளினால் பக்கத்தில் துளிர்க்கும். பீட்ரூட் இலைப் பொரியல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனாலும் செடிக்கு ஒன்றிரண்டு இலைதான். கிழங்குக்குச் சோறு போடுவதே அந்த இலைதானே! முட்டைக்கோஸை வெட்டும்போது தண்டைப் பிடுங்காமல் கீழ் இலைகளோடு விட்டு வையுங்கள். சின்னச் சின்னக் குருத்தாகக் கிளம்பும், கூட்டுக்கு ஆகும்.

ராத்திரியில் மூடி வைப்பது அவசியம். இங்கே தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் செடிகளால் மூடுவார்கள். வீட்டுக்குப் பழைய புடவையோ சாக்கோ போதும். நாலு குச்சி நட்டு, துணி இலையில் படாதபடி போர்த்தி, வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். சாயங்காலம் இலை நனையத் தண்ணீர் தெளிக்க வேண்டாம்.

மாசி வெயில் ஏறினதும் பாலக்கில் நடுத்தண்டு உயர்ந்து பூக்கப் பார்க்கும். அப்புறம் இலை கசக்கும். அதற்குள் மிச்சம் வைக்காமல் முழுசும் அறுத்துக்கொள்ளலாம்.

- ஒரு வாசகி, ஊட்டி.