உருகிக் காக்கும் உலோகங்கள்

ஈயச் சொம்பில் ரசம் வைப்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவர். சொம்பில் நீர் ஊற்றிய பின்னரே அதனை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பது மாமியார் மருமகளுக்குச் சொல்லித்தரும் பாடம். வெறுஞ்சொம்பை அடுப்பில் வைத்தால், திரும்பிப் பார்ப்பதற்குள் அது குழைந்து ஒழுகிவிடும். இதன் காரணத்தை ஆராய்ந்தால், வீட்டையும் ஆலையையும் காக்கும் ஓர் அரிய உண்மை புலப்படும்.

ஈயம் என்று நாம் பொதுவாகக் கூறுவது இரண்டு உலோகங்களைக் குறிக்கும். ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகும். காரீயம் 327 டிகிரியில் உருகும். செம்பு உருகுவதற்கோ 1,085 டிகிரி வேண்டும். நல்ல ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதில் நீர் இருக்கும்வரை வெப்பம் ஏறத்தாழ 100 டிகிரியைத் தாண்டாது; ஆகவே சொம்பு உருகுவதில்லை. நீர் வற்றினால் அதற்குக் காவல் இல்லை.

கலந்தால் எளிதில் உருகும்

வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கலந்தால், அக்கலவை 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. இரண்டு உலோகங்களில் எதுவும் தனித்து உருகாத வெப்பம் அது! நிரை பிடித்து நட்ட ரப்பர் மரங்களைப்போல, ஓர் உலோகத்தின் அணுக்கள் ஒழுங்காக அமர்ந்திருக்கின்றன. பருமனில் வேறுபட்ட அணுக்கள் இடையே புகுந்தால் அந்நிரை எளிதில் கூடுவதில்லை. எனவே குறைந்த வெப்பத்திலேயே கலவை உருகுகிறது.

பிஸ்மத், காட்மியம் ஆகியவற்றையும் சேர்த்தால் உருகுநிலை மேலும் தாழும். 1860ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் பர்னபாஸ் வூட் உருவாக்கிய கலவை ஏறத்தாழ 70 டிகிரியில் உருகும். அதனால் செய்த கரண்டியைக் கொதிநீரில் இட்டால் கரண்டியே உருகிப்போகும்.

மலேசிய மண்ணின் பங்கு

உலகுக்கு வெள்ளீயம் வழங்குவதில் நம் நாடு முதலிடம் வகித்த காலம் ஒன்று உண்டு. பேராக், சிலாங்கூர் மட்டுமின்றி, ஜொகூரின் கோத்தா திங்கி வட்டாரத்திலும் அது தோண்டி எடுக்கப்பட்டது. 1985ஆம் ஆண்டின் விலை வீழ்ச்சிக்குப் பின்னர்ப் பெரும்பாலான சுரங்கங்கள் மூடப்பட்டன. தகரத் தகட்டுக்குப் பூச்சாகவும், உலோகங்களை ஒட்டவைக்கும் பற்றாகவும் வெள்ளீயம் உலகெங்கும் பயன்பட்டது. ஓட்டை விழுந்த தகர வாளியை அடைக்க வைக்கும் ஈயப்பற்றும் இக்கலவையே.

நீராவிக் கொதிகலனில் இது உயிர்காக்கும் பணி புரிகிறது. 1803இல் இங்கிலாந்தின் கிரீனிச்சில் ஒரு கொதிகலன் வெடித்துச் சிலர் மாண்டனர். அதன் பின்னர் ரிச்சர்ட் டிரெவிதிக் என்னும் பொறியாளர் அடுப்பின் மேற்றகட்டில் துளையிட்டு, அதில் காரீய அடைப்பை வைத்தார். நீர்மட்டம் இறங்கி அடைப்பு வெளிப்பட்டால் அது உருகும்; நீராவி பீறிட்டு அடுப்பில் பாய்ந்து ஆபத்தை அறிவிக்கும். வெறுஞ்சொம்பு உருகும் அதே விதிதான் இங்கே காவலாக மாறியது.

பெரிய கட்டடங்களின் கூரையில் உள்ள தீயணைப்பு நீர்த்தெளிப்பான்கள் சிலவற்றிலும் இத்தகைய கலவை உண்டு. தீயின் வெப்பம் ஏறத்தாழ 70 டிகிரியை எட்டியதும் கலவை உருகி நீருக்கு வழிவிடுகிறது.

நாம் செய்ய வேண்டியவை

மின்சாரப் பியூஸ் கம்பியும் உருகிக் காப்பதே. வெள்ளீய-காரீயக் கலவையாகவோ, வெள்ளீயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பியாகவோ அது இருக்கும். மின்னோட்டம் அளவை மீறினால் கம்பி உருகி இணைப்பைத் துண்டிக்கிறது. அடிக்கடி அறுகிறதே என்று சலித்து, தடித்த கம்பியையோ ஆணியையோ அங்கே வைப்போர் உண்டு. அது பெருந்தவறு. பியூஸ் உருகாவிடில் சுவரில் ஓடும் கம்பி சூடேறும். பலகை வீடுகள் பற்றி எரிய அதுவே போதும். பியூஸ் அடிக்கடி அறுந்தால், தகுதி பெற்ற மின்பணியாளரை அழைத்துக் காரணத்தைக் கண்டறிவதே முறை.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. காரீயம் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குடிநீர்ப் பாத்திரத்தையும் சமையல் பாத்திரத்தையும் காரீயம் கலந்த பற்றினால் அடைக்கலாகாது. தூண்டிலுக்கும் வலைக்கும் குண்டு வார்ப்பதற்காகப் பழைய பேட்டரித் தகடுகளை வீட்டில் உருக்குவதும் கூடாது. அதன் தூசும் புகையும் பிள்ளைகளைச் சேரும். ஐரோப்பிய நாடுகள் 2006ஆம் ஆண்டு முதல் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் காரீயத்துக்குத் தடை விதித்தன. ஆகவே, வெள்ளீயத்துடன் சிறிது வெள்ளியும் செம்பும் சேர்த்த பற்று, தொழிற்சாலைகளில் பரவலாக இடம்பெற்றுள்ளது.

உறுதியான உலோகமே உயர்ந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆயினும், உருக வேண்டிய நேரத்தில் உருகிவிடும் உலோகமும் உயிர் காக்கும். அதன் இடத்தில் வேறொன்றை வைக்காதிருப்பது நம் கடமையாகும்.