கல்விச் சீரில் வரும் பரிசு: யாருக்கு, எதற்கு, எப்படி?

தமிழ்நாட்டின் பல கிராமங்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஊர்வலம் கிளம்புகிறது. முன்னால் மேளம், பின்னால் தாம்பாளம் ஏந்திய பெண்கள். தட்டில் பழத்தோடும் பூவோடும் நோட்டு, பென்சில் பெட்டி, பந்து, உலக உருண்டை, கேரம் போர்டு எல்லாம் இருக்கும். வண்டியில் பீரோவும் நாற்காலியும் வரும். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் சுமந்து போவதுபோல, ஊரே தன் அரசுப் பள்ளிக்குச் சீர் கொண்டுபோகிறது. இதைத்தான் ‘கல்விச் சீர்’ என்கிறோம். பள்ளியைத் தன் வீட்டுப் பிள்ளையாக ஊர் நினைப்பதன் அடையாளம் அது.

சீர் பள்ளிக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. கேரம் போர்டு உறை பிரிக்கப்படாமல் தலைமை ஆசிரியர் அறை பீரோவின் மேல் ஏறிவிடுகிறது. பந்து தொலைந்துவிடும் என்று பூட்டி வைக்கப்படுகிறது. பென்சில் பெட்டிகள் ஆண்டு விழா மேடையில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்குப் போகின்றன. எனக்குத் தெரிந்த ஓர் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஆண்டு விழாவன்று பள்ளிக்குக் கிளம்பவே மறுத்தாள். காரணம் கேட்ட அம்மாவிடம், “பரிசு அவங்களுக்குத்தானேம்மா, நான் எதுக்கு?” என்றாள். ஏழு வயதுக் குழந்தை தன்னை ‘பரிசு வாங்காதவள்’ என்று ஒதுக்கிக்கொள்கிறாள் என்றால், நல்ல மனதோடு கொடுத்த பொருள் தவறான வழியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. கொடுப்பவர், அதை வாங்கிப் பிள்ளைகளுக்குத் தரும் ஆசிரியர், பெற்றோர் மூவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

விளையாட்டு, குழந்தையின் உரிமை

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். தொடக்கப் பள்ளியில் விளையாட்டுப் பொருள் இருப்பது யாருடைய தயவும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒரு பள்ளிக்கு இருந்தே தீர வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், விளையாட்டிடம், நூலகம் ஆகியவற்றோடு ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான விளையாட்டுப் பொருள்களும் அதில் அடக்கம். அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு, குழந்தை செயல்பாடுகள் வழியாகவும் தானே தேடிக் கண்டறிந்தும் கற்க வேண்டும், அச்சமும் பதற்றமும் இன்றிக் கற்க வேண்டும் என்கிறது. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாகவே வைத்திருக்கிறது. இந்தியா 1992-இல் அந்த உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது.

இதற்கென்று பணமும் ஒதுக்கப்படுகிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ், விளையாட்டுப் பொருள் வாங்க ஒரு தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை தர வழியுண்டு. எனவே நன்கொடை கொடுப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “அரசுப் பணத்தில் என்ன வாங்கியிருக்கிறீர்கள், இன்னும் என்ன குறைகிறது?” அந்தக் குறையை நிரப்புவதுதான் சீர். அரசின் கடமையை மறக்கடிப்பது சீர் ஆகாது.

பரிசு எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

பரிசு கொடுத்தால் பிள்ளை படிக்கும் என்பது நம் வீடுகளில் ஊறிய நம்பிக்கை. அது பாதிதான் உண்மை. 1973-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், வரைந்தால் அழகான சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் கடைசியில் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவுமில்லை. சில நாள் கழித்துப் பரிசுப் பேச்சே இல்லாமல் வரைபொருள்களை வகுப்பில் வைத்தபோது, முன்கூட்டியே பரிசு சொல்லப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்தது அவர்களுக்குக் கூலி வேலையாகிவிட்டது.

அதற்காகப் பரிசே வேண்டாம் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. பொருளியல் அறிஞர் ரோலண்ட் ஃப்ரையர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. டாலஸ் நகரில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு, ஒரு புத்தகத்தைப் படித்து அதைப் பற்றிய சிறு வினாடிவினாவில் தேறினால் 2 டாலர் கொடுத்தார்கள். அவர்களின் வாசித்துப் புரியும் திறன் கூடியது. நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுத்தார்கள். அங்கே மதிப்பெண் உயரவில்லை. காரணம் எளியது. புத்தகத்தை எடுத்துப் படிப்பது குழந்தையின் கையில் இருக்கிறது. மதிப்பெண்ணை எப்படி உயர்த்துவது என்பது அதற்குத் தெரியாது.

பாராட்டுக்கும் இதே விதிதான். கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள், கடினமான புதிர்களில் ஒருமுறை தோற்றதும் சீக்கிரம் சோர்ந்துவிட்டார்கள். ‘நன்றாக முயன்றாய்’ என்று பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றார்கள்.

இவற்றை நம் வகுப்பறைக்குப் பொருத்திப் பார்க்கலாம். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கப்பட்டார்கள். மலரில் இருக்கும் குழந்தையையும் அரும்பில் இருக்கும் குழந்தையையும் ஒரே பந்தயத்தில் ஓடவிட்டுப் பரிசு கொடுத்தால், யார் ஜெயிப்பார்கள் என்று முதல் நாளே தெரியும். அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்த குழந்தையை, நேற்று வாசிக்க முடியாத சொல்லை இன்று வாசித்த குழந்தையை வகுப்பே கைதட்டிக் கொண்டாடினால், அந்தப் பரிசு எட்டாத பிள்ளை என்று எவருமே இல்லை.

பல்லாங்குழி என்ற பள்ளிக்கூடம்

நன்கொடையில் பரிசுப் பொருளைவிட விளையாட்டுப் பொருளுக்கு மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான எண்ணம். பென்சில் பெட்டி ஒரு குழந்தையின் பைக்குள் போகும். பல்லாங்குழி ஆண்டு முழுவதும் வகுப்பில் இருக்கும்.

ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஏழு என்று பதினான்கு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை என்றால் மொத்தம் 70. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகும் குழந்தை, கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று போடுவதற்கு முன்பே கணக்குப் போடத் தொடங்கிவிடும். இரண்டு தாயக்கட்டையில் விழுந்ததைக் கூட்டிக் காய் நகர்த்துவதும், நூறு கட்டம் உள்ள பாம்பு ஏணிப் பலகையில் 37-இலிருந்து ஐந்து தள்ளி வைப்பதும் கூட்டல்தான். ஆடுபுலி ஆட்டத்தில் அடுத்தவர் என்ன செய்வார் என்று யோசித்து ஆட வேண்டியிருக்கிறது. தப்பாகப் போட்டால் எதிரே இருப்பவர், “ஏய், நான் பார்த்தேன், எண்ணிப் போடு” என்பார். சிவப்பு மையும் தலைகுனிவும் அங்கே இல்லை. தோற்ற குழந்தை உடனே “இன்னொரு ஆட்டம்” என்று கேட்கும். தோற்ற பிறகும் மறுபடி ஆட வரும் அந்த மனம், படிப்புக்கும் வேண்டியிருக்கிறது.

செலவும் குறைவு. புளியங்கொட்டைக்கும் சோழிக்கும் அதிகப் பணம் தேவையில்லை. பாண்டி ஆடத் தரையில் கோடு போதும். நன்கொடையாளர் பணத்தோடு தன் நேரத்தையும் கொடுக்கலாம். ஊரில் ஆட்டம் தெரிந்த ஒரு பாட்டி வாரம் ஒருமுறை வந்து சொல்லிக்கொடுப்பதும் நன்கொடைதான்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

நல்ல எண்ணத்தில் வந்த பொருளிலும் ஆபத்து இருக்கலாம். கீழ்க்கண்டவற்றைச் சரிபார்க்காமல் எதையும் குழந்தையின் கையில் கொடுக்க வேண்டாம்.

*பொம்மையின் தரம்:* 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டு உண்மையா என்று பார்க்கலாம். மலிவாக மொத்தமாகக் கிடைக்கிறதே என்று முத்திரையில்லாததை வாங்காதீர்கள். பொத்தான் பேட்டரியும் சிறு காந்தங்களும் கழன்று வரும் பொம்மைகளை ஒதுக்கிவிடுங்கள். ஒரு குழந்தை பொத்தான் பேட்டரியை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அது உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரித்துவிடும்.

*தின்பண்டம்:* சரியான விடை சொன்னால் சாக்லேட் என்பது பல வகுப்புகளில் வழக்கம். பல்லையும் பழக்கத்தையும் அது கெடுக்கிறது. கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களை அவற்றின் தயாரிப்பாளர்கள் பள்ளி வளாகத்திலும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் குழந்தைகளுக்கு விற்பதையும் விளம்பரம் செய்வதையும் இலவசமாகக் கொடுப்பதையும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறை தடுக்கிறது. நிறுவனத்தின் பெயர் பொறித்த பரிசு என்று அப்படிப்பட்ட பண்டம் வந்தால் பள்ளி மறுக்கலாம், மறுக்க வேண்டும்.

*படம்:* நோட்டை நீட்டும் கையும் வாங்கும் குழந்தையின் முகமுமாகப் படம் எடுத்து ஊரெல்லாம் பரப்புகிறோம். அந்தக் குழந்தை வளர்ந்த பிறகும் ‘இலவசம் வாங்கியவன்’ என்ற படம் சுற்றிக்கொண்டிருக்கும். 2023-இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா? பொருளைப் படம் எடுங்கள், குழந்தையின் முகம் வேண்டாம்.

*பரிசைத் தண்டனையாக்குவது:* “நீ பேசினாய், உனக்கு விளையாட்டு கிடையாது” என்று ஒரு குழந்தையைத் தனியே உட்கார வைப்பது, நட்சத்திரம் வாங்காதவர்களின் பெயரைச் சுவரில் ஒட்டுவது, மற்றவர் முன்னால் அவமானப்படுத்துவது எல்லாம் மனத்தைப் புண்படுத்துபவை. உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது.

*நன்கொடை என்ற பெயரில் வசூல்:* மனமுவந்து கொடுப்பதுதான் நன்கொடை. சேர்க்கைக்காக நன்கொடை கேட்பதை அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் வாங்கிய தொகையைப்போல் பத்து மடங்கு வரை அபராதம் உண்டு.

குறை இருந்தால் எங்கே போவது?

முதல் கதவு பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, அரசுப் பள்ளியில் அமையும் இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அரசு தந்த நிதியோடு, வேறு எங்கிருந்து வந்த நிதியும் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது இதன் சட்டபூர்வமான வேலை. ஆகவே, “போன வருஷம் வந்த கேரம் போர்டு எங்கே சார்?” என்று கேட்கும் அம்மா வம்பு வளர்க்கவில்லை. சட்டம் தந்த கடமையைச் செய்கிறார்.

அங்கே பலனில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்துமூலம் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கல்வி உரிமை மீறப்பட்டால் 32-ஆம் பிரிவின்கீழ் உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப் புகார் தரலாம். மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். அரசுப் பள்ளிக்கு வந்த நன்கொடையின் இருப்புப் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும்.

பள்ளிக் கல்வி தொடர்பான உதவிக்கு 14417, குழந்தை துன்புறுத்தப்பட்டால் 1098, தரமற்ற பொம்மை விற்கப்பட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

கொடுக்கப் போகிறவருக்கு

கொடுப்பதற்கு முன் ஆசிரியரிடம் பேசுங்கள். அவர் வகுப்புக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும். கொடுத்ததைப் பதிவேட்டில் ஏற்றி ரசீது வாங்குங்கள். 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தின் இணையதளம் வழியாகவும் ஒரு பள்ளியைத் தேர்ந்து உதவலாம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் பார்வை குறைந்த பிள்ளையும் ஆடக்கூடியது ஒன்றாவது இருக்கட்டும். பொருள் உடைந்தால் மாற்றவும் கொஞ்சம் ஒதுக்குங்கள். உடைந்துவிடும் என்ற பயத்தில்தான் பொருள்கள் பீரோவில் கிடக்கின்றன. “உடைந்தால் பரவாயில்லை சார், பிள்ளைங்க கையில கொடுங்க” என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல், அந்த பீரோவின் பூட்டைத் திறந்துவிடும்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் அந்தப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். நீங்கள் கொடுத்த பலகையின் ஓரம் தேய்ந்திருந்தால், கட்டங்களில் வண்ணம் உதிர்ந்திருந்தால், நான்கைந்து புளியங்கொட்டை காணாமல் போயிருந்தால், மனம் நிறைந்து திரும்பி வாருங்கள். உங்கள் சீர் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.