மை நாடாவும் மரண பயமும்

"அச்சம் தரும் கதைகளை விலை கொடுத்து வாங்கிப் படிப்பானேன்?" என்று, நம் மன்றக் கூட்டம் முடிந்து திரும்புகையில் நண்பர் ஒருவர் கேட்டார். கதையாவது பரவாயில்லை, நான் அச்சத்தை விலைக்கு வாங்கி, அதற்குள் நானே புகுந்து, விரல் நடுங்க விளையாடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேதியியலில் முதுகலை படிப்பவனுக்கு இது தேவையா என்பது அந்தப் பார்வையின் பொருள். விடை சொல்லத் தொடங்குமுன் அவருடைய பேருந்து வந்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் குறிப்பிட்ட வீடியோ விளையாட்டின் பெயர் ரெசிடென்ட் ஈவில். ஜப்பானில் அதற்குப் பயோஹசார்ட் என்று பெயர். காப்காம் என்னும் ஜப்பானிய நிறுவனம் 1996-இல் பிளேஸ்டேஷன் கருவிக்காக வெளியிட்டது. இயக்கியவர் ஷின்ஜி மிக்காமி. அவரே 2002-இல் அதைப் புதுக்கி அமைத்தார். அந்தப் புதுப்பதிப்பு 2015-இல் கணினிக்கும் வந்தது. என்னிடம் இருப்பது அதுதான். உயிர் பிழைப்பதையே வெற்றியாகக் கொண்ட திகில் விளையாட்டுகளைச் 'சர்வைவல் ஹாரர்' என்று வழங்குவர். அந்தப் பெயரை உலகெங்கும் பரப்பியது இவ்விளையாட்டே.

கதை எளியது. 1998-ஆம் ஆண்டு, ஜூலைத் திங்களில் ஓர் இரவு. காட்டில் காணாமற்போன தோழர்களைத் தேடிச் சென்ற சிறப்புக் காவல் படையினர், கொடிய நாய்கள் துரத்த, ஒரு பழைய மாளிகைக்குள் ஓடிப் புகுகின்றனர். அங்கே நோய்க்கிருமியால் நடைபிணமாகிவிட்ட மனிதர்கள் உலவுகின்றனர். கிறிஸ், ஜில் ஆகிய இருவருள் ஒருவராக நின்று நாம் உயிரோடு வெளியேற வேண்டும். பூட்டிய அறையும் பாழடைந்த மாளிகையும் நம் திரைப்படங்களில் இல்லாதனவா? 2005-இல் வந்த 'சந்திரமுகி'யைப் பார்க்காதவர் நம்மில் யார்? ஆனால் படத்தில் பிறர் கதவைத் திறக்கும்போது நாம் இருக்கையில் சாய்ந்து முறுக்குத் தின்னலாம். இங்கே திறப்பது நம் விரல்.

இவ்விளையாட்டின் உயிர்நாடி எது? பிணமன்று, குருதியன்று, கணக்கு! கிறிஸ் 6 பொருள்களைத்தான் சுமக்க முடியும், ஜில் 8. துப்பாக்கிக்கு ஓரிடம், குண்டுக்கு ஓரிடம், காயத்துக்கான பச்சிலைக்கு ஓரிடம், சாவிக்கு ஓரிடம் என்று வைத்தால் பை நிறைந்துவிடும். குண்டுகளோ குறைவு. எதிரே தள்ளாடி வரும் பிணத்தைச் சுடுவதா, சுற்றிக்கொண்டு ஓடுவதா? புதுப்பதிப்பில் மற்றொரு கொடுமையும் உண்டு. வீழ்த்திய பிணத்தைத் தலை சிதறச் சுட்டிருக்க வேண்டும். இல்லையேல் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட வேண்டும். இரண்டும் செய்யாது விட்டால், சிறிது நேரங்கழித்துச் சிவந்த தலையும் கூரிய நகமுமாக எழுந்து, முன்னினும் விரைவாக ஓடி வரும். குப்பியில் கொள்வதோ இரண்டு முறைக்கான எண்ணெய். எந்தக் கூடத்தை எரிப்பது, எதை விடுவது? நாம் அடிக்கடி நடக்கும் வழியைத்தான் எரிக்க வேண்டும் என்பதை நான்கைந்து முறை செத்துக் கற்றேன். ஊரிலிருந்து வரும் பணம் 20-ஆம் தேதியோடு தீர்ந்துவிட, மீதி நாட்களைப் பேருந்தா, நடையா என்று எண்ணிக் கழிக்கும் நம்மில் பலருக்கு இந்தக் கணக்குப் புதிதன்று.

அடுத்தது, பார்வை. நம் ஆளின் பின்னாலேயே நாம் செல்வதில்லை. அறையின் மூலையிலோ கூரையிலோ பொருத்திய படக்கருவி வழியாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறோம். 1996-ஆம் ஆண்டுக் கருவியின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட்டே. ஆகையால் அறைகளை முன்கூட்டியே தீட்டிய படங்களாக வைத்தனர். கதவொன்று இருளில் மெல்லத் திறக்கும் காட்சியும், வட்டிலிருந்து அடுத்த அறையைக் கொண்டுவரும் நேரத்தை மறைக்கவே வந்தது. இல்லாமையே இங்கு அழகாயிற்று! வளைவுக்கு அப்பால் காலடி தேய்வது கேட்கும், ஆள் தெரியாது.

மிக்காமியின் குறும்பு ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதற்பதிப்பில் ஒரு நடைவழியில் சன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும். அதை அறிந்தவர்கள், புதுப்பதிப்பில் அதே வழியில் துப்பாக்கியும் கையுமாகச் செல்வர். கண்ணாடி விரிசல் விடும், நாய் வராது. 'எடுத்துவிட்டார்கள் போலும்' என்று அவர்கள் மனம் ஆறியபின், பிறிதொருமுறை அவ்வழியே வருகையில் பாயும்!

நிற்க. குறைகளுக்கு வருவோம். பழைய முறைப்படி, மேல்நோக்கிய விசையை அழுத்தினால் நம் ஆள் தான் நோக்கும் திசையில் செல்வான். நாம் நினைக்கும் திசையிலன்று. சந்தில் மாட்டுவண்டியைத் திருப்புவது இதைவிட எளிது. 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றுமுறை இருப்பதால் அதை விட்டுவிடலாம். கொடிய செடியொன்றைக் கொல்ல மருந்து கலக்கும் கட்டமும் உண்டு. புட்டிகளின் எண்களைக் கூட்டிக்கொண்டே போனால் போதும், மருந்து உருவாகிவிடும்! வேதியியல் இத்தனை எளிதாயின் என் ஆய்வேடு எப்போதோ முடிந்திருக்கும். மனிதன், நாய், பாம்பு, சிலந்தி, சுறா, செடி அனைத்தையும் ஒரே கிருமி பிடிப்பது பற்றி நுண்ணுயிரியல் நண்பர்கள் பேசிக்கொள்ளட்டும்.

என் உண்மையான சினம் வேறொன்றின்மேல். மாளிகையில் சில அறைகளில் மட்டும் பழைய டைப்ரைட்டர் இருக்கும். மை நாடா ஒன்றைச் செலவிட்டால்தான், அதுவரை ஆடியது அங்கே பதிவாகும். நாடாவும் எண்ணி வைத்ததே. பையிலும் ஓரிடத்தை அடைத்துக்கொள்ளும். பதியாமல் செத்தால், முன்பு பதிந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். இழக்க ஒன்றுமில்லாதவன் எதற்கு அஞ்சுவான்? அவ்வகையில் இதன் நியாயம் எனக்குத் தெரியும்.

ஆயினும் என் நிலையைக் கேளுங்கள். மர்பி டவுனில் மாடிமேல் ஓரறையில் இருவர் குடியிருக்கிறோம். பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. என் மடிக்கணினியின் பேட்டரி என்றோ உயிர்நீத்தது. ஒயரைப் பிடுங்கினால் திரை அணைந்துவிடும். இரவு ஒன்பதரைக்கு வேலை முடிந்து வரும் அறைத்தோழர், அதே பிளக்கில் மின்னடுப்பைச் செருகித்தான் சோறு பொங்க வேண்டும். "அண்ணா, டைப்ரைட்டர் இருக்கும் அறையைத் தேடுகிறேன், பத்து நிமிடம்" என்று பசித்தவரிடம் சொல்வது எப்படி? ஒருநாள் சொன்னேன். பத்து நிமிடம் முக்கால் மணியாயிற்று. அவர் கீழே போய் பன் வாங்கித் தின்றுவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். திரையில் நான் பிழைத்துவிட்டேன். அறையில் அவர் முகத்தைப் பார்க்க இரண்டு நாளாயிற்று.

குண்டைக் குறைத்தால் முடைப்படுவது மாளிகைக்குள் இருக்கும் கிறிஸ். நாடாவைக் குறைத்தால் முடைப்படுவது வெளியே இருக்கும் நான். என்னோடு, விளையாடாத ஒருவரும். தன் நேரமும் மின்சாரமும் முழுவதும் தனக்கே உரியவனுக்காகச் செய்த விளையாட்டு இது என்று அன்று தோன்றிற்று. எழுந்து போகும்போது ஒருமுறை பதிந்துகொண்டு, திரும்பி வந்து தொடங்கியதும் அழிந்துபோகும் பதிவுமுறை வேறு பல விளையாட்டுகளில் உண்டு. அதை இங்கே வைத்திருந்தால் அச்சம் ஓர் அணுவும் குறைந்திராது. அவருக்குச் சோறும் கிடைத்திருக்கும்.

கீழ்வீட்டு அம்மா இளமையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். இந்த நாடாக் கதையை அவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு வாட்டி அடிச்சா ஒரு ரிப்பன் காலியா? நாங்க மாசக்கணக்கா ஓட்டுவோம் தம்பி. மேல்பாதி மங்கிப்போச்சுன்னா தலைகீழா மாட்டி கீழ்ப்பாதியில அடிப்போம். அந்த ஜப்பான்காரன் டைப்பிங் கிளாசுக்கே போனதில்ல போலிருக்கு!" என்றார்.

இப்போதெல்லாம் சோறு வெந்து இறக்கியபின்தான் விளையாட்டு. அறைத்தோழரும் தட்டோடு பக்கத்தில் வந்து அமர்கிறார். "அந்தப் பொணத்தை எரிச்சிட்டுப் போப்பா" என்று நினைவூட்டுபவரும் அவரே. நேற்றிரவு சுரங்க வழிவரை போயிருக்கிறோம். கையில் மூன்று நாடா மிச்சம்.