ஒரு நூல் வித்தியாசம்

ஜன்னலுக்கு அளவு எடுப்பது என்ன பிரமாத வித்தை என்று நேயர்கள் எண்ணலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், ஓசூரில் உள்ள நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சென்று வருகிற வரையில்.

ஓசூர் இன்று யந்திரங்களின் ஊர். லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே உற்பத்தியாகின்றன. 1984-இல் டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் கம்பெனியின் கடிகாரத் தொழிற்சாலை இருப்பதும் அங்கேதான். கர்நாடக எல்லை மிக அருகில். பெங்களூர் சுமார் 40 கிலோமீட்டர். ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். ஊர் உயரமான பீடபூமியில் இருப்பதால் மார்கழிக் குளிர் எலும்பைத் தொடும்.

நம் நண்பர் ஆலையொன்றில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கை அளந்து பழகிய கை. அவர் குடியிருப்பதோ தகப்பனார் கட்டிய கருங்கல் சுவர் வீடு. மர ஜன்னல்களைக் கரையான் அரித்துவிட்டது. லாரிகளின் இரைச்சலும் புழுதியும் வேறு. எனவே யூ.பி.வி.ஸி. என்னும் பிளாஸ்டிக் ஜன்னல்கள் போடுவதென்று தீர்மானித்தார். தாமே நாடாவைப் பிடித்து, ஜன்னல் திறப்பின் அடிப்பக்கத்தை அளந்தார். 4 அடி, அதாவது 1219 மில்லிமீட்டர். அதில் 10 மில்லிமீட்டர் இடைவெளிக்காகக் கழித்து, 1209 என்று பெங்களூர்ப் பட்டறைக்கு எழுதி அனுப்பினார்.

ஜன்னல் வந்த அன்று காலையிலேயே பழைய சட்டத்தைப் பெயர்த்தாகிவிட்டது. பிற்பகலில் புதியதைத் தூக்கி நிறுத்தினார்கள். அடிப்பக்கம் சுகமாக உட்கார்ந்தது. மேல்பக்கம் நுழைய மறுத்தது! இடித்தது எவ்வளவு? மூன்றே மில்லிமீட்டர். தச்சர் பாஷையில் சொன்னால் ஒரு நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

மர ஜன்னலாயிருந்தால் இழைப்புளியால் நாலு இழுப்பு இழுத்திருப்பார்கள். பிளாஸ்டிக் சட்டத்தின் மூலைகளோ சூடேற்றி ஒட்டப்பட்டவை; உள்ளே கூடாக இருப்பவை. அவற்றைச் சீவ முடியாது. செங்கல் சுவராயிருந்தால் காரையைக் கொத்தியிருக்கலாம். இதுவோ கருங்கல். புது ஜன்னல் செய்ய மூன்று வாரம் ஆகும் என்று பட்டறையில் கூறிவிட்டார்கள். அளவுக்கென்று செய்த சரக்கு, திரும்ப எடுக்கவும் மாட்டார்கள்.

அந்த ஜன்னலின் கீழேதான் நண்பருடைய தாயாரின் கட்டில். எண்பது வயதைத் தாண்டிய அம்மாள். திறப்பில் தார்ப்பாய் கட்டினார்கள். இரவெல்லாம் காற்று அதைப் படபடவென்று அடித்தது, அம்மாள் இருமிக்கொண்டேயிருந்தாள். மறுநாள் கட்டிலைச் சமையலறைக்கு மாற்றினார்கள். நண்பர் யாரிடமும் பேசவில்லை.

அன்று மாலை, பக்கத்துத் தெருவிலிருந்து முதிய தச்சர் ஒருவர் வந்தார். "ஐயா, கீழே அளந்தீர்கள், மேலே அளந்தீர்களா?" என்று கேட்டார். நண்பருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தச்சர் நாடாவை விரித்தார். கீழே 1219, நடுவில் 1213, மேலே 1206. சுவர் மேலே போகப் போக அரை அங்குலம் குறுகியிருந்தது! கண்ணுக்கு நேராகத் தோன்றும் பழஞ்சுவர் அளவுக்கு நேராயிருப்பது அபூர்வம்.

அந்தப் பெரியவர் அன்று கூறிய முறையை நேயர்களும் தெரிந்துகொள்வது நலம். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் மிகக் குறைந்த அளவே கணக்கு. பிறகு மூலைக்கு மூலை குறுக்காக இருமுறை அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாயில்லாவிட்டால் திறப்பு கோணியிருக்கிறது என்று அர்த்தம். பக்கச் சுவருக்குத் தூக்குக்குண்டும், அடிமட்டத்துக்கு ரசமட்டமும் பிடித்துப் பார்க்க வேண்டும். பழைய சட்டத்தின் ஓரம் பூச்சுக்குள் மறைந்திருக்கும். ஆகையால் மூலையில் சிறிது கொத்தி, உண்மையான சுவர் எங்கே தொடங்குகிறதென்று காண்பது அவசியம்.

பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் அளவில் இடைவெளி விடுவது வழக்கம். வெயிலில் பிளாஸ்டிக் விரியும். அதற்கு இடம் வேண்டுமல்லவா? ஆனால் அந்தக் கழிவை யார் செய்வது என்று முன்பே பேசிவிட வேண்டும். நாமும் கழித்து, பட்டறைக்காரரும் கழித்தால், ஜன்னல் சுவரில் ஆடும். எழுதி அனுப்புவது சுவரின் அளவா, ஜன்னலின் அளவா என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

இன்னொன்று: மெட்ரிக் அளவைச் சட்டம் நம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 1956-இல். ஆயினும் வீடுகளில் இன்னும் அடியும் அங்குலமும் நூலுமே வழங்குகின்றன, பட்டறையிலோ மில்லிமீட்டர். "நாலடி" என்று வாயால் சொன்னால், கேட்பவர் 1200 என்று எழுதிக்கொள்ளக்கூடும். அங்கேயே முக்கால் அங்குலம் போயிற்று!

எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய ஜன்னல் வந்து, அதை அளந்து பார்த்த பிறகே பழையதைப் பெயர்க்க வேண்டும். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்திருந்தால் அந்த அம்மாளின் கட்டில் நகர்ந்திராது.

மூன்று வாரம் கழித்து, 1196 மில்லிமீட்டர் அகலத்தில் வேறொரு ஜன்னல் வந்தது. ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் உட்கார்ந்தது. கட்டிலும் பழைய இடத்துக்குத் திரும்பியது. கதவைச் சாத்தியதும் லாரிச் சத்தம் அடங்கிவிட்டது. நண்பர் பெருமையுடன் தாயாரைப் பார்த்தார். அம்மாள் சிறிது நேரம் காதைத் தீட்டிக்கொண்டிருந்துவிட்டு, "எல்லாம் சரிதானப்பா, காலையில் பால்காரன் கூப்பிட்டால் எனக்கு எப்படிக் கேட்கும்?" என்றாள்.

நண்பர் எழுந்து போய் ஒரு கதவைத் திறந்து வைத்தார்.