“விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” - இந்தப் போர்டால் யாருக்கு இலாபம்?

சம்பளம் போட்ட கிழமையில் ஒரு நாள், தம்பேதன்ன பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பையன் பார்சலொன்றைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தான். அந்தப் பார்சல் எனக்குப் புதிதல்ல. முதல் நாள் கூரியர்காரர் அதை என்னிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். லயத்து வீட்டுக்கு இலக்கமும் இல்லை, வீதிப் பெயரும் இல்லை. தோட்டத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு கூரியர் வாகனம் அந்த ஏற்றத்தில் ஏறாது. அப்புத்தளை டவுணில் தெரிந்த கடையில் வைத்துவிட்டு, “வந்து எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கோல் எடுத்துச் சொல்லிவிடுவார்கள். இப்படியாக, ஹெல்மட் விற்கும் நானே இணையத்தில் வாங்கப்பட்ட ஹெல்மட்டுக்குக் காவல்காரனாகவும் இருக்கிறேன்.

பையன் பெட்டியைத் திறந்து காட்டினான். நல்ல சாமான்தான். ஆனால் தலைக்குள் போகவில்லை.

“மொதலாளி, இதுக்குப் பெரிய சைஸ் ஒங்ககிட்ட இருக்கா? மாத்திக் குடுப்பீங்களா?”

“தம்பி, இது என் கடைச் சாமான் இல்லையே. நான் எப்படி மாற்றுவது?”

பிறகு இருவரும் உட்கார்ந்து அவனது தொலைபேசியில் திருப்பியனுப்பும் விண்ணப்பத்தை நிரப்பினோம். நான்கு பக்கமும் படம் எடுக்க வேண்டும், காரணம் எழுத வேண்டும், பெட்டியும் உறையும் பழையபடி இருக்க வேண்டும். அதையெல்லாம் செய்து, பண்டாரவளையில் கையளிக்கும் இடத்துக்குக் கொண்டுபோகவும் வேண்டும். அதற்காக அவனுக்கு ஒரு நாள் பேர் போனது. பணம் திரும்பக் கிடைக்க இரண்டு கிழமைக்குக் கிட்ட ஆனது. ஆனாலும் கிடைத்தது, அதை மறைக்கக் கூடாது.

அவன் புறப்படும்போது, “ஏன் தம்பி, என்னிடமே வந்து போட்டுப் பார்த்து வாங்கியிருக்கலாமே?” என்று கேட்டேன். அவன் சற்றுத் தயங்கிவிட்டு என் தலைக்கு மேலே கையைக் காட்டினான். “நீங்கதான் போர்டு போட்டிருக்கீங்களே மொதலாளி. அங்கன்னா திரும்ப எடுப்போம்னு எழுதியிருக்கு.”

வாப்பா காலத்திலிருந்து தொங்கும் போர்டு அது. மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். அதை நான் படித்தே பல வருடமாகிவிட்டது. வாங்க வருகிறவன் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான், அல்லது வராமலே போகிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அந்தப் போர்டை நாம் ஏன் போட்டோம் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். கொழும்பில் பஞ்சிகாவத்தையிலோ புறக்கோட்டையிலோ மொத்தக்காரரிடம் காசு கொடுத்து எடுக்கிறோம். லொறிக் கூலி கொடுத்து மலைக்கு ஏற்றுகிறோம். அவர் திரும்ப எடுக்க மாட்டார். அப்படியிருக்க நாம் மட்டும் எடுத்தால், அந்தப் பொருள் நம் தட்டிலேயே கிடந்து தூசு பிடிக்கும். 5,600 ரூபாவுக்கு எடுத்த ஹெல்மட்டை 6,500க்கு விற்றால் கையில் நிற்பது 900. அதில் கடை வாடகை, மின்சாரம், பையனின் சம்பளம் எல்லாம் போக வேண்டும். ஒரு ஹெல்மட் திரும்பி வந்து விற்க முடியாமல் பாழானால், ஆறு ஹெல்மட்டின் இலாபம் அதோடு போய்விடுகிறது. 2022இல் ரூபா விழுந்து சாமான் விலை ஏறிய பிறகு இந்தப் பயம் இன்னும் கூடியது. ஆக, அது கஞ்சத்தனத்தால் போட்ட போர்டு அல்ல, பயத்தால் போட்ட போர்டு.

இணையக் கடைக்காரன் மட்டும் தாராள மனதால் திரும்ப எடுக்கிறான் என்று நினைக்க வேண்டாம். அவனிடம் வாங்குகிறவர் பொருளைத் தொட்டுப் பார்க்கவில்லை, போட்டுப் பார்க்கவில்லை. கூரியர்காரர் அநேகமாகக் காசை வாங்கிய பிறகுதான் பெட்டியைத் திறக்க விடுவார். “திரும்ப எடுப்போம்” என்று எழுதாவிட்டால் யாரும் வாங்கவே மாட்டார்கள். ஐரோப்பிய நாடுகளிலும் பிரித்தானியாவிலும் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். 2014ஆம் ஆண்டு முதல், இணையத்தில் வாங்கியவர் பொருள் கிடைத்து 14 நாட்களுக்குள் காரணம் எதுவும் சொல்லாமலே வேண்டாமென்று சொல்லலாம். இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதே பிரித்தானியாவில் கடைக்கு நேரில் போய், பார்த்து வாங்கியவருக்கு மனம் மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கும் சட்ட உரிமை கிடையாது. பொருள் பழுதென்றால்தான் உரிமை. 2015ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்கு 30 நாள் தவணை. மற்றபடி கடைகள் மாற்றிக் கொடுப்பது வாடிக்கையாளரைப் பிடித்து வைத்திருப்பதற்காக.

அந்தத் தாராளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவின் எல்.எல்.பீன் என்ற பழம்பெரும் நிறுவனம் எத்தனை வருடம் கழித்துக் கொண்டுவந்தாலும் பொருளைத் திரும்ப எடுத்து வந்தது. போட்டுத் தேய்ந்ததையெல்லாம் ஆட்கள் கொண்டுவந்து கொட்டவே, 2018இல் அதை ஒரு வருடமாகக் குறைத்தது. ஸாரா என்ற உடுப்பு நிறுவனம் 2022இல் பிரித்தானியாவில், இணையத்தில் வாங்கியதைத் தபாலில் திருப்பி அனுப்பக் கட்டணம் அறவிடத் தொடங்கியது. கடைக்கு நேரில் கொண்டுவந்து கொடுத்தால் கட்டணம் இல்லை. அதாவது, பெரிய இணைய வியாபாரிகளே ஆட்களைக் கடைக்கு வரவழைக்கப் பார்க்கிறார்கள். நாமோ கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, திரும்பி வராதே என்று போர்டு போட்டிருக்கிறோம்.

நமது நாட்டுச் சட்டம் பற்றியும் சொல்ல வேண்டும். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விபரம் சொல்லி விற்ற பொருள் அந்த விபரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம், பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். 1977 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுத்தும் சொல்லலாம். வாங்குபவர் பற்றுச்சீட்டுக் கேட்டால் நாம் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் ஐரோப்பாவில் உள்ளது போல, பிடிக்கவில்லை என்பதற்காக 14 நாளில் திருப்பிக் கொடுக்கும் உரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை. 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இணையத்தில் செய்யும் ஒப்பந்தமும் செல்லும் என்கிறது, அவ்வளவுதான். இணையக் கடைகள் தரும் நாட்களெல்லாம் அவர்களே எழுதிக்கொண்ட விதி. பழுதான சாமானைக் கொடுத்துவிட்டுப் போர்டைக் காட்டித் தப்பலாம் என்று நம்மவர்கள் யாரும் எண்ண வேண்டாம்.

மார்க்கத்திலும் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. வாங்கியவர் வருந்தித் திரும்பி வரும்போது இரு தரப்பும் விரும்பி வியாபாரத்தை முறித்துக்கொள்வது இகாலா. அப்படி எடுத்துக்கொள்பவரின் தவறை அல்லாஹ் மறுமையில் மன்னிப்பான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது அபூதாவூத், இப்னுமாஜா கிரந்தங்களில் பதிவாகியிருக்கிறது. இது கட்டாயமல்ல, சிறப்பு. குறை மறைந்திருந்த பொருள் விடயம் வேறு. அங்கே திருப்பிக் கொடுப்பது வாங்கியவரின் உரிமை. காணாத பொருளை விற்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அது என் வேலையல்ல.

இனி ஹெல்மட்டுக்கு வருவோம். போர்டை நான் உடனே கழற்றி எறியாததற்குக் காரணம் இந்தச் சாமானின் இயல்புதான். ஹெல்மட்டின் வெளி ஓட்டுக்குள்ளே இருப்பது ரிஜிபோம் போன்ற ஒரு பொருள். தலை அடிபடும்போது அது நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது. வெளியே ஒரு கீறலும் தெரியாமல் உள்ளே நசுங்கியோ வெடித்தோ இருக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் தெரிந்த ஒருவர், வாங்கி மூன்றாம் நாள், இறுக்குகிறது என்று ஒரு ஹெல்மட்டைத் திருப்பித் தந்தார். தெரிந்தவர் என்பதால் போர்டை மறந்து எடுத்துக்கொண்டேன். துடைத்து மறுபடி தட்டில் வைத்தேன். வெலிமடைப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் மகனுக்கு வாங்க வந்தவர், உள் துணியை இழுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “நானா, இது வெடிச்சிருக்கே” என்றார். பார்த்தேன். பின்பக்கத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. கொடுத்தவர் விழுத்தினாரா, அவர் வீட்டுப் பிள்ளைகள் விழுத்தினார்களா, அல்லாஹ் அறிவான். அந்த மனிதர் தடவிப் பார்த்திருக்காவிட்டால் அதை நான் புதுச் சாமான் என்று அந்தப் பையனின் தலையில் வைத்து அனுப்பியிருப்பேன். பெரகலை இறக்கத்தில் மூடுபனியில் போகிறவன் அவன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பட்டியை வெட்டி, யாரும் எடுத்துப் போடாதபடி ஓட்டையும் உடைத்துத்தான் குப்பைக்கு அனுப்பினேன்.

எனவே எல்லாவற்றையும் திரும்ப எடுப்போம் என்று எழுதுவதும் பொறுப்பற்ற வேலை. இணையத்தில் திரும்பிப் போகும் ஹெல்மட்டுகள் எங்கே போகின்றன, யார் பார்க்கிறார்கள் என்பது வாங்குபவருக்குத் தெரியாது. நம் கடையில் அதை நாமே பார்க்கலாம். வாங்குபவர் கண் முன்னாலேயே பார்க்கலாம்.

இன்னொரு அனுபவம். 2015 மார்ச்சில், முகத்தை முழுதாக மூடும் ஹெல்மட் போட்டுக்கொண்டு கொள்ளையடிக்கிறார்கள் என்று அவற்றைத் தடைசெய்யப் போவதாகப் பொலிஸார் அறிவித்தார்கள். தோட்டத்திலிருந்தும் டவுணிலிருந்தும் ஆட்கள் ஹெல்மட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். என்னிடமும் எட்டு கையிருப்பில் இருந்தது. மொத்தக்காரர் தொலைபேசியையே எடுக்கவில்லை. நானும் எல்லோருக்கும் போர்டைக் காட்டினேன். ஏப்ரல் முற்பகுதியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தடையை நடைமுறைப்படுத்துவதை இடைநிறுத்தியது. கையிருப்பு எட்டும் விற்றது. ஆனால் போர்டைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களில் ஓர் ஆசிரியர், வீட்டில் மூன்று மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர், இன்றுவரை என் கடைப்படி ஏறவில்லை. அவரிடம் “இரண்டு கிழமை பொறுங்கள் சேர், நடப்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம்” என்று சொல்லியிருந்தால் எனக்கு ஐந்து சதமும் செலவாகியிருக்காது.

தோட்டத்துப் பையன் போன பிறகு நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் மொத்தக்காரரோடு பேசினேன். இருபது வருடப் பழக்கம், ஆனாலும் இதைப் பற்றிக் கேட்டதே இல்லை. பழுதென்றால் ஒரு மாதத்துக்குள் மாற்றித் தருவதாகவும், பெட்டியும் ஸ்டிக்கரும் குலையாமல் இருந்தால் சைஸ் மாற்றித் தருவதாகவும் சொன்னார். கூலி என்னுடையது. கேட்காமல் இருந்தது என் பிழை.

அடுத்தது, தையல்காரர் வைத்திருப்பது போன்ற அளவு நாடா ஒன்று வாங்கினேன். புருவத்துக்குச் சற்று மேலே சுற்றி அளந்தால் போதும். பொதுவாக 57, 58 சென்ரிமீற்றர் என்றால் எம், 59, 60 என்றால் எல். கொம்பனிக்குக் கொம்பனி சிறிது மாறும், அதற்குப் பெட்டியைப் பாருங்கள். புது ஹெல்மட் கன்னத்தை இறுக்கத்தான் செய்யும். பழகும்போது உள் பஞ்சு படிந்துவிடும். ஆனால் நெற்றியில் ஒரே இடத்தில் வலித்தால் அது சைஸ் பிழை. ஆகவே போட்டுக்கொண்டு பத்து நிமிடம் கடையிலேயே இருக்கச் சொல்கிறேன். ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம். திரும்பி வருவதில் பெரும்பகுதி இந்தப் பத்து நிமிடத்திலேயே நின்றுவிடுகிறது. இதை இணையத்தில் செய்ய முடியாது. எஸ்.எல்.எஸ். 517 தர அடையாளம் எங்கே இருக்கிறது என்பதையும் அந்த நேரத்தில் காட்டிக் கொடுக்கிறேன்.

பிறகு போர்டை மாற்றினேன். சைஸ் சரியில்லையென்றால் பற்றுச்சீட்டோடு ஏழு நாளுக்குள் மாற்றித் தரப்படும். ஓட்டிக்கொண்டு போயிருந்தாலோ விழுந்திருந்தாலோ இல்லை. பூட்டு, கண்ணாடி, பட்டி பழுதென்றால் ஒரு மாதம். திரும்பி வரும் ஹெல்மட்டின் உள் துணியைக் கொண்டுவந்தவர் முன்னாலேயே கழற்றிப் பார்ப்போம். ஹெல்மட்டுக்குள் போடும் துணி முகமூடி திரும்ப எடுக்கப்படாது, அது உள்ளாடை மாதிரி. பற்றுச்சீட்டில் சைஸையும் திகதியையும் எழுதுகிறேன். முன்பு “ஹெல்மட் 1” என்று மட்டும் எழுதுவேன், அதை வைத்து யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

கடந்த நோன்புப் பெருநாளிலிருந்து இந்தப் பெருநாள் வரை என் கொப்பியில் உள்ள கணக்கு இது. விற்றது 52 ஹெல்மட். திரும்பி வந்தது ஆறு. நான்குக்குச் சைஸ் மாற்றிக் கொடுத்தேன். ஒன்றில் கண்ணாடியின் பூட்டு பழுது, மொத்தக்காரர் மாற்றித் தந்தார். மற்றது, புருஷனுக்குத் தெரியாமல் மனைவியும் மனைவிக்குத் தெரியாமல் புருஷனும் ஆளுக்கொன்று வாங்கிய கதை. அதை முழுப் பணத்துக்கும் எடுத்துக்கொண்டேன், அடுத்த கிழமையே விற்றுவிட்டது. நஷ்டம் லொறிக் கூலி மட்டும்.

ரெயின்கோட்தான் இன்னும் சரிவரவில்லை. நம் ஊர் மழைக்கு அதில் வியாபாரம் அதிகம், தொந்தரவும் அதிகம். தையலில் நாடா ஒட்டியிருக்கிறதா என்று உள்பக்கம் திருப்பிக் காட்டித்தான் விற்கிறேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை வாங்கி, சனி, ஞாயிறு லிப்டன் சீற் போய் வந்து, திங்கட்கிழமை காலையில் “ஒழுகுது நானா” என்று கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். கைப்பகுதியில் தேயிலைச் செடி உரசிய பச்சை அப்படியே இருக்கும். வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தால் ஒழுகாது. இவர்களுக்கு என்ன விதி எழுதுவதென்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பண்டாரவளையிலோ பதுளையிலோ இதற்கு வழி கண்ட வியாபாரிகள் யாரும் இருந்தால் எழுதியனுப்புங்கள்.